இடக்கை விருந்து

ஒரு ஆள் சாப்பிட்டு எழுந்திருக்க இரண்டு கத்தியும் இரண்டு முள்கரண்டியும் மூன்று கரண்டியும் எதற்கு என்று விலாசினிக்கு விளங்கவில்லை. எல்லாம் வெள்ளை விரிப்பின்மேல் நூல் பிடித்ததுபோல வரிசையாகக் கிடந்தன. எதையும் தொடாமல் இரண்டு கைகளையும் மடியில் கோத்து வைத்துக்கொண்டாள். எதிரே அவள் புருஷன் சிவதாணு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். கஞ்சி போட்டுத் தேய்த்த ஜிப்பா. நெற்றியில் காலையில் வைத்த சந்தனத்தின் மிச்சம். வலது கையை மடியில் போட்டு, மேஜையில் மடித்து வைத்திருந்த கைத்துணியை எடுத்து அதன்மேல் விரித்திருந்தான். கல்யாணமான புதிதில் அவள் பார்த்த களை அந்த முகத்தில் திரும்ப வந்திருந்தது.

"இடது பக்கம் கெடக்கது முள்ளு. அத இடது கையால எடுக்கணும்," என்றான் தணிந்த குரலில். "வெளியில இருக்கத மொதல்ல எடுக்கணும். பின்ன ஒவ்வொண்ணா உள்ளோட்டு வரணும்."

"இடது கையாலயா திங்கணும்?"

"பின்னே. பிரெஞ்சுக்காரனுக்க சட்டமாக்கும்."

அந்தச் சட்டத்துக்காகத்தான் இரண்டு பஸ் மாறி இவ்வளவு தூரம் வந்திருந்தார்கள்.

பூவாரில், நெய்யாறு கடலில் சேரும் பொழிக்கு அருகில், கயிறு வியாபாரி ஒருவரின் பழைய கட்டிடத்தை வாடகைக்குப் பிடித்து ததேயூஸ் இந்தச் சாப்பாட்டுச் சாலையைத் தொடங்கி எட்டு மாதம் ஆகிறது. மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளை. பதினேழு வயதில் கொழும்புக்குப் போய், அங்கிருந்து ஒரு பிரெஞ்சுக் கப்பலின் அடுக்களையில் ஏறி, பிறகு சைகோனில் ஒரு ஹோட்டலில் தலைமைச் சமையல்காரனாகி, பிரெஞ்சுக்காரர்கள் அங்கிருந்து மூட்டை கட்டியபோது இவரும் ஒரு தகரப் பெட்டி, இரண்டு செம்புச் சட்டி, பித்தளைப் பொத்தான் வைத்த ஒரு வெள்ளைக் கோட்டு ஆகியவற்றோடு ஊருக்குத் திரும்பினார். ஆறு மேஜைதான். ஆரியங்கோட்டுப் பக்கத்து ரப்பர் தோட்ட மானேஜர்கள், பிரெஞ்சு பேசும் வெள்ளைக்காரப் பாதிரிமார், எப்போதாவது திருவனந்தபுரத்திலிருந்து ஒரு டாக்டர். முந்தின நாளே சொல்லிவைக்க வேண்டும். ததேயூஸ் மீன் தலையையும் முள்ளையும் கொதிக்க வைத்து வடிகட்டிக் கிண்ணத்தில் கொடுப்பதைக் கேள்விப்பட்ட கடற்கரைக்காரர்கள், மீன் கழுவின வெள்ளத்தை விற்கிற ஒரே ஆள் இவன்தான் என்று சிரித்தார்கள். அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. மத்தியானம் மூன்று மணிக்கே கோட்டைப் போட்டுக்கொண்டு, காலில் மட்டும் செருப்பில்லாமல், வாசலில் வந்து நின்றுவிடுவார்.

சிவதாணு ஆதாரம் எழுதுகிறவன். நிலம் விற்பவர்களுக்கும் வாங்குபவர்களுக்கும் பாகம் பிரிப்பவர்களுக்கும் பத்திரம் எழுதிக் கொடுத்து, ரிஜிஸ்டர் கச்சேரியில் பதிய வைப்பது தொழில். பாறசாலையைச் சுற்றியுள்ள கிராமங்களில் அவன் எழுத்தைக் கண்டால் தெரியாதவர்கள் குறைவு. தமிழானாலும் மலையாளமானாலும் அச்சுக் கோத்ததுபோல இருக்கும். அந்த எழுத்துதான் அவனைக் காட்டிக் கொடுத்தது. ஐம்பத்து நான்காம் வருஷம், தமிழ்ப் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று ஊரெங்கும் ஊர்வலம் போய்க்கொண்டிருந்த ஆடி மாதத்தில், ஜெயதாஸ் என்ற பழைய கூட்டாளி ஒருவன் வந்து, சுவரில் ஒட்ட நாற்பது தாள் எழுதித் தரச் சொன்னான். சிவதாணு கூட்டத்துக்கும் போகிறவனில்லை, கொடியும் பிடிக்கிறவனில்லை. கேட்டவனிடம் மாட்டேன் என்று சொல்ல வராது, அவ்வளவுதான். எழுதிக் கொடுத்தான். தாளின் அடியில் யார் பெயரும் இல்லை. தேவைப்படவும் இல்லை. ஊர்வலத்தின்மேல் துப்பாக்கிச் சூடு நடந்து மூன்றாம் நாள் போலீஸ், அவன் எழுதிய பழைய ஆதாரம் ஒன்றையும் சுவரிலிருந்து கிழித்த தாள் ஒன்றையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்தபடி வீட்டு வாசலில் வந்து நின்றது. ஸ்டேஷனில் வைத்து, எழுதின கை எது என்று ஒருவன் கேட்டான். சிவதாணு வலது கையைக் காட்டினான். பெஞ்சின்மேல் வை என்றார்கள்.

ஏழு மாதம் கழித்து வழக்கை விலக்கி எல்லோரையும் வெளியே விட்டபோது, மணிக்கட்டு வரை கையாகவும் அதற்குக் கீழே வேறு ஏதோவாகவும் அது இருந்தது. ஐந்து விரலும் உண்டு. மடங்காது. ஏதாவது ஒன்றை விரலிடுக்கில் செருகி வைத்தால், அசையாமல் இருக்கும்வரை நிற்கும். ஊரில் எல்லோரிடமும் சுகமாகிவிட்டது என்று சொன்னான். முன்கையில் எப்போதும் ஒரு குடையைத் தொங்கவிட்டுக்கொண்டான். கையில்லாத எழுத்துக்காரனிடம் யார் வருவார்கள். விருந்துக்குப் போவதை அன்றோடு நிறுத்தினான். பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்து இடது கையால் பிசைந்தால் பக்கத்து இலைக்காரனே ஊருக்குச் சொல்லிவிடுவான். விலாசினியின் தம்பி சுயம்புவின் கல்யாணத்தில்கூட வயிற்றுக் கோளாறு என்று சொல்லிவிட்டு, சாம்பார் வாளிக்குப் பின்னால் நின்று மற்றவர்களை உபசரித்துக்கொண்டிருந்தான். எழுத்துக்காரருக்கு நம்ம பந்தியில் இருக்கக் கௌரவக் குறைச்சல் என்று பெண்கள் பேசினார்கள். 

பிடிபட்ட நாள் முதல் அவனுடைய லைசென்ஸ் முடக்கத்தில் கிடந்தது. மார்கழியில் புது சப் ரிஜிஸ்திரார் ஒருவர் வடக்கே திருவல்லாப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தார். லைசென்ஸ் முடங்கியவர்கள் திரும்ப விண்ணப்பிக்கலாம், சொந்தக் கையால் இரண்டு மொழியிலும் ஒரு மாதிரி ஆதாரம் எழுதிக்கொண்டு வந்து கொடுக்க வேண்டும் என்றார். தன் முன்னால் எழுத வேண்டாம், வீட்டில் எழுதிக் கொண்டுவந்தால் போதும் என்று சொல்லிவிட்டார். நல்ல மனிதர்.

எழுதியது விலாசினி. அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு, அவன் சொல்லச் சொல்ல, ஒரு மத்தியானத்தில் எழுதி முடித்தாள். காஞ்சிரங்குளத்தில் ஏழாவது வரை படித்தவள். கல்யாணமான நாள் முதல் பதினோரு வருஷமாக அவனுடைய ஆதாரங்களுக்கெல்லாம் நகல் எழுதி எழுதி, அவள் எழுத்து எங்கே முடிகிறது, அவன் எழுத்து எங்கே தொடங்குகிறது என்று அவளுக்கே தெரியாமல் போயிருந்தது. அடியில் போட வேண்டிய கையொப்பத்தை மட்டும் அவன் ஒரு மாதம் இடது கையால் பழகியிருந்தான். வியாழக்கிழமை உத்தரவு வந்தது. திங்கட்கிழமை முதல் எழுதலாம். ஆதாரம் முழுவதும் லைசென்ஸ்காரரின் சொந்தக் கையெழுத்தாக இருக்க வேண்டும், வேறு கை கண்டால் லைசென்ஸ் அத்தோடு போகும், வழக்கும் வரும் என்று உத்தரவின் கடைசியில் இரண்டு வரி இருந்தது. அதற்கும் அவர்கள் வழி யோசித்து வைத்திருந்தார்கள். வருகிறவர்களிடம் விவரம் கேட்டுக்கொண்டு நாளைக்கு வாரும் என்று அனுப்பிவிட்டால் போதும். வீட்டில் விலாசினி எழுதுவாள். யார் முன்னாலும் அவன் பேனா பிடிக்கக் கூடாது, அவ்வளவுதான்.

உத்தரவு வந்த அன்று சாயங்காலம், வெளியே போய் எங்கேயாவது உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்றான். அவள் அவனுடைய கையைப் பார்த்தாள். அப்போது அவன் சொன்னான்: நில விவகாரமாக ஒருமுறை பாதிரிமார் பங்களாவுக்குப் போயிருந்தபோது வெள்ளைக்காரச் சாமியார் ஒருவர் சாப்பிடுவதைப் பார்த்தானாம். இடது கையால்.

"ஒரு நாடு மொத்தமும் இடது கையாலாக்கும் திங்குது பிள்ளே. ஒருத்தனும் ஒருத்தனையும் ஒண்ணும் கேக்கல்ல."

வலது கைக்கு ஒரே ஒரு வேலைதான், கத்தி பிடிப்பது. விரலிடுக்கில் செருகிக்கொண்டால் பிடித்தது போலத்தான் இருக்கும். சனிக்கிழமை சாயங்காலம், வெயில் இறங்குகிற நேரத்தில், ததேயூஸின் ஆறு மேஜைகளில் ஜன்னலோரத்து ஒன்றில் அவர்கள் இருந்தார்கள்.

ததேயூஸ் சூப்புக் கிண்ணங்களைக் கொண்டுவந்து வைத்தார். "மக்கா, இது வெங்காய சூப்பு. சத்தமில்லாம குடிக்கணும்னு சட்டம். சத்தம் வந்தாலும் சாரமில்ல, இன்னைக்கு சாமியாருமாரு யாரும் வரல்ல."

சூப்பின்மேல் மிதந்த ரொட்டித் துண்டு எந்தக் கரண்டிக்கு உரியது என்று விலாசினி கேட்டாள். அவர் குனிந்து, காதோடு, அதை விரலால் எடுத்தாலும் தான் கண்ணை மூடிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். அடுத்து மீன் வந்தது. நெய்மீன் துண்டை வெண்ணெயில் வேகவைத்து மேலே வெள்ளையாக ஏதோ ஊற்றியிருந்தது. மிளகாய் இல்லை. மஞ்சள் இல்லை. விலாசினி ஒரு வாய் தின்றுவிட்டு, கொஞ்சம் புளி விட்டிருந்தால் நன்றாக இருக்கும் என்றாள்.

"மோளே, இத ஒரு பிரெஞ்சுக்காரன் கேட்டா பொழியில சாடிச் சாவான்," என்றார் ததேயூஸ். அடுக்களைப் பக்கம் திரும்பி, "மேரிக்குட்டி, இஞ்ச ஒரு பொம்பள நெய்மீனுக்குப் புளி கேக்குதா," என்று தன் மனைவியிடம் சொல்ல, உள்ளேயிருந்து, "நானும் எட்டு மாசமா அதத்தானே சொல்லுதேன்," என்று பதில் வந்தது.

சிவதாணு சிரித்தான். வாயில் மீனை வைத்துக்கொண்டு, தோள் குலுங்க. வலது கையின் விரலிடுக்கில் கத்தி நிமிர்ந்து நின்றது. இடது கையின் முள்கரண்டி மீனை ஒடித்து எடுத்து வாய்க்குப் போவதும் வருவதும் பிறந்ததிலிருந்து பழகியதுபோல இருந்தது. விலாசினிதான் தடுமாறினாள். இடது கையில் எடுத்த மீன் பாதி வழியில் விரிப்பின்மேல் விழுந்தது. சோற்றுக் கை இதுவல்ல என்று உடம்பு முழுவதும் மறுத்தது. இரண்டாம் தடவையும் விழுந்தபோது முள்கரண்டியை வலது கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"எட்டி, ஒனக்குப் பழக்கமில்ல," என்றான். "போகப்போகச் செரியாவும்."

அவன் குரலில் இருந்த பெருமை அவளுக்குப் பிடித்திருந்தது. ஜன்னலுக்கு வெளியே இரண்டு பேர் வலையை உதறிக்கொண்டு போனார்கள். உள்ளே எட்டிப் பார்த்தார்கள். அவன் கையை மறைக்கவில்லை, முகத்தைத் திருப்பவில்லை. ஒரு மனிதன் நாலு பேர் பார்க்கச் சாப்பிடுகிறான். இதைப் பார்க்கத்தான் வந்தோம் என்று நினைத்துக்கொண்டாள்.

"நாலு தாலுக்கா தமிழ்நாட்டுக்குப் போவும். நம்ம இஞ்சதான் கெடப்போம்னு பேப்பர்ல போட்டாச்சு," என்றான் அவன் திடீரென்று. "நாப்பது தாளு எழுதினதுக்கு எல்லை ஒரு அங்குலம் நவரல்ல."

"இன்னைக்கு அத பேசாண்டாம்."

"பேசல்ல. எல்லை எங்க நின்னா நமக்கென்ன. மண்ண விக்கவன் விப்பான், வாங்குகவன் வாங்குவான். ஆதாரம் வேணுமில்லா." ஒரு துண்டு ரொட்டியை எடுத்தான். "திங்கக்கெழம வரதுக்கு மூணு பேரு சொல்லி வச்சிருக்காவ. ஒரு பாகப்பத்திரம், பத்துப் பக்கம் வரும். ஒனக்குக் கை வலிக்கும்."

"வலிக்கட்டும்," என்றாள்.

கோழி வந்தபோதுதான் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. உள்ளே வந்தவர்கள் ஒரு புருஷனும் மனைவியும். அவருக்கு ஐம்பது வயதிருக்கும். கறுப்புக் கரை வேட்டி, மூக்குக் கண்ணாடி. அந்த அம்மாள் கசவுப் புடவையில், எல்லாவற்றையும் ஆசையோடு பார்த்துக்கொண்டு வந்தாள். சிவதாணுவின் இடது கையிலிருந்த முள்கரண்டி தட்டில் தட்டியது. "சப் ரிஜிஸ்திரார். கிருஷ்ணன்குட்டி சாரு," என்றான். அவளுக்கு மட்டும் கேட்கும் குரலில்.

கிருஷ்ணன்குட்டி சார் அவர்களைப் பார்த்துவிட்டார். முகம் மலர்ந்து நேராக வந்தார். மூன்று மாதத்தில் பழகிக்கொண்ட தமிழும் கூடவே பிறந்த மலையாளமுமாகப் பேசினார். "சிவதாணு அல்லே. கொண்டாட்டமா? நல்லது, நல்லது. இரிக்கணும், எழுந்நேக்கண்டா." பிறகு மனைவியிடம், "அம்மிணி, இதா ஆளு. ஞான் பறஞ்ஞில்லே, முத்துபோல எழுதுந்ந ஆளு."

அம்மிணி கைகளை மார்போடு சேர்த்துக்கொண்டாள். அவள் சொன்னது இதுதான்: அவன் கொடுத்த மாதிரி ஆதாரத்தைச் சார் வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டினாராம். பதினைந்து வருஷ சர்வீஸில் இப்படி ஒரு எழுத்தைப் பார்த்ததில்லை என்றாராம். அதைத் திருப்பிக் கச்சேரிக்கு அனுப்ப மனமில்லாமல், அவள் ஒரு தாளில் அதன்மேல் வைத்துப் பிரதி எடுத்துக்கொண்டாளாம். அவர்களுடைய மகள் பிரேமகுமாரிக்குப் பன்னிரண்டு வயது, கோழி கிளறியதுபோல எழுதுவாள். இப்போது தினமும் அந்தப் பிரதியைப் பார்த்துத்தான் எழுதிப் பழகுகிறாளாம்.

விலாசினி தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கோ ஒரு வீட்டில் ஒரு பெண்பிள்ளை தினமும் அவளுடைய எழுத்தை எழுதுகிறாள். பதினோரு வருஷத்தில் அவளுடைய எழுத்தை நல்லது என்று யாரும் சொன்னதில்லை. சொல்ல அது அவளுடையது என்று யாருக்கும் தெரியாது. தலை நிமிர்ந்து அந்த அம்மாளைப் பார்த்துச் சிரிக்க வேண்டும் போலிருந்தது. அம்மிணி சிவதாணுவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு மாத்திரம் மோளுக்கு வரல்ல. அந்த ழ. அது எங்ஙனெயா தொடங்குந்நது, மேலே நிந்நோ, தாழே நிந்நோ?"

சிவதாணு வாயைத் திறந்தான். மேஜைக்கு அடியில் விலாசினியின் விரல் அவளை அறியாமல் முழங்காலில் அந்த எழுத்தைப் போட்டது. இடப்பக்கம் மேலே தொடங்கி, கீழே இறங்கி, வளைந்து. "மேல இருந்துதான், அம்மா," என்றான் அவன் கடைசியில். அது சரியான பதில்தான். பேச்சு அத்தோடு முடிந்திருக்கும். அப்போது ததேயூஸ், புது விருந்தாளிகளுக்கு மரியாதை செய்வதாக நினைத்துக்கொண்டு, சுவர் அலமாரியிலிருந்து தோல் அட்டை போட்ட ஒரு பெரிய புத்தகத்தைக் கொண்டுவந்து, நடுவில் இருந்த பூச்சாடியை நகர்த்திவிட்டு மேஜைமேல் விரித்தார்.

"சாப்பிட்டவங்க ரெண்டு வரி எழுதிட்டுப் போறது அந்த நாட்டு வழக்கம் சாரே. இதுல பாதிரிமாரு எழுதினது உண்டு, கப்பல் கேப்டன் எழுதினது உண்டு." மைக்கூட்டையும் கட்டைப் பேனாவையும் பக்கத்தில் வைத்தார். "மொதல்ல இவங்க எழுதட்டு. இவங்கதான் மொதல்ல வந்தவங்க."

"ஐயோ, அது மதி, அது போதும்," என்றாள் அம்மிணி. நாற்காலியை இழுத்துப்போட்டு விலாசினியின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். "எழுதுந்நது எனிக்கு நேரில் காணணும். மோளோடு போய் சொல்லலாமல்லோ."

சிவதாணு முள்கரண்டியைத் தட்டில் வைத்தான். வலது கை மேஜைமேல், கத்தியைத் தாங்கிக்கொண்டு, இருந்த இடத்தில் இருந்தது. அதை அசைத்தால் கத்தி விழும்.

"சாப்பிட்ட கையாக்கும்," என்றான். "பின்ன ஒரு நாளு ஆவட்டு."

"கை கொண்டல்லல்லோ கழிச்சது," என்று சிரித்தார் சார். "முள்ளு கொண்டல்லே. கையில ஒந்நும் ஆயில்ல."

கையால் தின்னவில்லை என்பது உண்மைதான். அதற்காகத்தானே இந்த இடத்துக்கு வந்தார்கள். விலாசினிக்கு ஒவ்வொரு வழியும் அடைபடுவது தெரிந்தது. அவன் எழுதினால் இடது கையின் கிறுக்கல். நான் எழுதுகிறேன் என்று அவள் வாங்கி எழுதினால் அதே எழுத்து. மோசமாக எழுதலாம் என்றால், அடுத்தபடியாக உங்கள் வீட்டுக்காரரும் ஒரு வரி என்று அந்த அம்மாள் கேட்பாள். எழுதாமல் எழுந்து போனால் சப் ரிஜிஸ்திராரை அவமதித்தது ஆகும். ஒரே ஒன்று மிச்சம் இருந்தது. மைக்கூடு அவளுடைய முழங்கைக்கு அரை அடி தூரத்தில் இருந்தது. புத்தகம் அதை ஒட்டி விரிந்து கிடந்தது.

தண்ணீர் டம்ளரை எடுக்கப் போவதுபோல வலது கையை நீட்டினாள். மைக்கூட்டைப் புறங்கையால் தள்ளினாள். அது சாய்ந்தது. சாய்ந்து, மை புத்தகத்தில் கொட்டுவதற்குள், ததேயூஸின் கை எங்கிருந்தோ வந்து அதைப் பிடித்து நிமிர்த்தியது. அவர் அந்தப் பக்கம் பார்த்துக்கூட இருக்கவில்லை. ஒரு சொட்டு விழவில்லை.

"கப்பலு ஆடிட்டே இருக்கும் மோளே," என்றார், பழைய கதை ஒன்றைச் சொல்ல வாய்ப்புக் கிடைத்த சந்தோஷத்தோடு. "அதுக்கெடையில இருபத்திரண்டு வருஷம் வெளம்பியிருக்கேன். எனக்க மேஜையில ஒண்ணும் சிந்தாது."

அம்மிணி கைதட்டினாள். சிவதாணு சிரிக்க முயன்றான். கிருஷ்ணன்குட்டி சார் சிரிக்கவில்லை. அவர் மைக்கூட்டைப் பார்க்கவில்லை. விரிப்பின்மேல் நீட்டியபடியே இருந்த விலாசினியின் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தினமும் எத்தனையோ பேரின் பெருவிரலைத் தன் கையால் பிடித்து, மையில் ஒற்றி, தாளில் உருட்டுகிறவர். மண்வெட்டி பிடித்த விரல், துடுப்புப் போட்ட விரல், கயிறு திரிக்கிற விரல் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்வார் என்று கச்சேரியில் பேச்சு உண்டு. அவளுடைய நடுவிரலின் உள்பக்கத்தில், நகத்துக்குக் கீழே, பேனா அழுத்தி அழுத்திக் காய்த்துப் போன ஒரு மேடு இருந்தது. அவள் கையை இழுத்துக்கொண்டாள். அவர் பார்வை மேஜையைக் கடந்து, கத்தியை ஏந்திக்கொண்டு அசையாமல் கிடந்த மற்றொரு கைக்குப் போயிற்று. அங்கே கொஞ்ச நேரம் நின்றது.

"எழுதுங்களே," என்றாள் அம்மிணி.

"வேண்டா, அம்மிணி. கோழி ஆறும்." சார் புத்தகத்தைத் தானே மூடினார். மெதுவாக, யாருக்கும் தொந்தரவு இல்லாத விதத்தில். மனைவியை எழுப்பித் தங்கள் மேஜைக்கு அனுப்பிவிட்டு, ஒரு கணம் பின்தங்கினார். அடுத்து அவர் பேசியது சுத்தமான தமிழாக இருந்தது. ஒவ்வொரு சொல்லையும் முன்கூட்டியே தேடி எடுத்து வைத்துக்கொண்டதுபோல.

"திங்கட்கிழமை பத்து மணிக்குக் கச்சேரிக்கு வாருங்கள். என் முன்னால் உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும். அதன்பிறகு வேலையைத் தொடங்கலாம்."

"சாரே," என்றான் சிவதாணு.

"ஒரே ஒரு பக்கம்," என்றார் அவர். அதைச் சொல்லும்போது அவர் விலாசினியைப் பார்க்கவில்லை.

கோழியை யாரும் முடிக்கவில்லை. ததேயூஸ் தட்டுகளை எடுத்துக்கொண்டு போய், சர்க்கரையைக் கருக்கி முட்டையில் செய்த ஒரு இனிப்பைக் கொண்டுவந்து வைத்தார். இதைத் தின்னாமல் எழுந்தால் சாபம் என்று சொல்லிவிட்டுப் போனார். தின்றார்கள். பக்கத்து மேஜையில் அம்மிணி சூப்பைப் பற்றி ஏதோ கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். சார் தலை குனிந்து ரொட்டியைச் சின்னச் சின்னதாகப் பிய்த்துத் தட்டின் ஓரத்தில் போட்டுக்கொண்டிருந்தார். எதையும் வாயில் வைத்ததாகத் தெரியவில்லை. போகும்போது சிவதாணு கும்பிட அந்தப் பக்கம் திரும்பினான். ஒரு கையால் கும்பிட முடியாது. தலையை மட்டும் தாழ்த்தினான்.

காஞ்சிரங்குளம் வழியாகப் போகும் பஸ்ஸில் கடைசி இருக்கைதான் கிடைத்தது. இன்னும் வெளிச்சம் இருந்தது. தென்னந்தோப்புகளுக்கு அப்பால் கடல் ஒரு தடவை தெரிந்து மறைந்தது. 

"அவரு நல்ல மனுஷன்," என்றான் சிவதாணு. "எல்லாருக்கும் முன்னால கேக்கல்ல பாத்தியா."

விலாசினி, கண்டக்டர் கிழித்துக் கொடுத்த டிக்கெட்டைத் தொடையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தாள். மெல்லிய குழலாக, பேனாவின் கனத்துக்கு வந்ததும், அவனுடைய வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்தாள். பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் குழலை வைத்து, நடுவிரலை அடியில் கொடுத்து, மூன்றையும் தன் உள்ளங்கையால் மூடி அழுத்தினாள். அவனுக்கு வலித்திருக்க வேண்டும். அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

கையை எடுத்தாள். குழல் நின்றது. பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. விழுந்தது.

திரும்பவும் வைத்தாள். இந்தத் தடவை எண்ணினாள். ஏழு வரை நின்றது. அடுத்த தடவை நான்கு.

"பத்து மணின்னா சொன்னாரு?" என்று கேட்டான் அவன்.

"பத்து."

"நாளைக்கு ஒரு நாளு உண்டு."

"உண்டு," என்றாள்.

ஒரு முக்கில் பஸ் நின்று, காக்கிக் கோட்டுப் போட்ட டிக்கெட் பரிசோதகர் ஏறினார். முன் இருக்கையிலிருந்து ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தார். கடைசி இருக்கைக்கு வந்ததும் கையை நீட்டினார். சிவதாணு, விலாசினி தடுப்பதற்குள், டிக்கெட் செருகியிருந்த வலது கையை மடியிலிருந்து தூக்கி அவரை நோக்கி நீட்டினான். கை பாதி தூரம் போனது. பரிசோதகரின் விரல்கள் அதைத் தொடுவதற்கு முன்னால் குழல் நழுவி, தரைப் பலகையின்மேல் விழுந்து, முன் இருக்கைகளின் கால்களுக்கிடையே உருண்டு போயிற்று. நீட்டிய கை அப்படியே நின்றது. விலாசினி புடவையை ஒதுக்கிக்கொண்டு, ஓடுகிற பஸ்ஸின் தரையில் மண்டியிட்டு, செருப்புகளுக்கு நடுவில் கையால் துழாவத் தொடங்கினாள்.